என் ஃபேன்டஸி உலகத்துக்கு ஒரு போர் வரலாறு, மன்னார் வளைகுடால இருந்து சுட்டது

ஃபேன்டஸி எழுதறவங்க மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு இருக்கு. கடல் தாண்டி ஒரு கெட்ட பேரரசு வரும், கறுப்புக் கவசம், ஒரே கடவுள், கையில ஒரு புனித நூல், இந்தப் பக்கம் காட்டையும் ஆத்தையும் கும்பிட்டுக்கிட்டு ஒத்துமையா வாழற நல்ல ஜனங்க, நடுவுல ஒரு தீர்க்கதரிசனம், முடிஞ்சது கதை. புக்கோட முதல் பக்கத்துல மேப் இருக்கும், ஆயிரம் வருஷ டைம்லைன் இருக்கும், ஆனா அந்த ஆயிரம் வருஷத்துல யாரு யாருக்கு வரி கட்டினாங்க, யாரு பொண்ண யாரு கட்டினாங்க, துறைமுகத்துல சுங்கம் யாரு கையில இருந்துச்சுன்னு கேட்டா ஒண்ணுமே இருக்காது. மதப்போர்னு ஒரு வரி, காலனி ஆட்சின்னு இன்னொரு வரி, அவ்ளோதான்.

நானும் ஒரு உலகம் கட்டிட்டிருக்கேன். ஒரு முத்துக் கடல், ரெண்டு கரை, நடுவுல தீவு, தீவுக்குள்ள ஒரு மலைநாடு. எங்க இருந்து எடுத்தேன்னு மறைக்கவே போறதில்ல, தமிழ் படிக்கிற யாருக்கும் மேப்ப பாத்த உடனே தெரிஞ்சிடும். மன்னார் வளைகுடா, 1500-ல இருந்து 1700 வரைக்கும். எல்லாரும் முப்பதாண்டுப் போர், சிலுவைப் போர்னே போறாங்க, நம்ம வீட்டு வாசல்ல நடந்தத யாரும் தொடறதில்ல. அதுல இருக்கற திருப்பத்துல பாதிய கதையில வெச்சா எடிட்டர் ‘ரொம்ப ஓவரா இருக்கு’ன்னு வெட்டிடுவார், அந்த லெவல்.

அதனால என் டைம்லைன்ல ஒவ்வொரு போருக்கும் பக்கத்துல ஒரு கட்டம் வெச்சிருக்கேன்: இவங்கள யாரு கூப்பிட்டாங்க? அந்தக் கட்டம் காலியா இருந்தா அந்தப் போர நான் எழுதறதில்ல.

ஏன்னா முத்துக்குளித்துறைய, அதாவது தூத்துக்குடிப் பக்கத்து முத்துக் கரைய, எடுத்துக்கோங்க. வாஸ்கோ ட காமா 1498-ல கோழிக்கோடு பக்கம் வந்து இறங்கியாச்சு, போர்ச்சுகீசியக் கப்பல் எல்லா இடத்துலயும் சுத்துது, அவங்க குடுக்கற பாஸ் இல்லாம கடல்ல ஓடற கப்பல பிடிச்சா சரக்கு போச்சு, சில சமயம் உயிரும் போச்சு. அந்தப் பாஸுக்கு கார்த்தாஸ்னு பேரு. ஆனா அவங்க ஆள் எண்ணிக்கை கம்மி, கரையில இருந்து நாலு மைல் உள்ள போனா அவங்க பேச்சு எடுபடாது. இந்தப் பக்கம் முத்துக்குளிக்கற பரதவர்களுக்கும் கரையோர முஸ்லிம் வியாபாரிகளுக்கும் நடுவுல குளிப்பு உரிமை, கடன், குத்தகைன்னு புகைஞ்சிட்டே இருக்கு. 1530-கள்ல ஒரு நாள் ஒரு பரதவப் பொண்ண ஒருத்தர் அவமானப்படுத்த, அவ புருஷன் சண்டைக்குப் போக, அவன் காத அறுத்துட்டாங்கன்னு ஒரு பழைய வரலாறு. காதுன்னா சும்மா காது இல்ல, அதுல தொங்கற கடுக்கன் அந்தச் சமூகத்துல மானம், மரியாதை எல்லாமே. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் வெட்டு குத்து.

அந்த நேரத்துல அங்க குதிரை விக்க வந்திருந்த ஒருத்தர் பேரு ஜுவாம் ட குருஸ். பேர கேட்டா வெள்ளைக்காரர்னு தோணும், ஆனா கோழிக்கோட்டுக்காரர், லிஸ்பன் வரைக்கும் போய் ஞானஸ்நானம் வாங்கிட்டு வந்தவர். அவர்தான் பரதவர் தலைவருங்களான பட்டங்கட்டிமார்கிட்ட சொல்றார், கொச்சில இருக்கற போர்ச்சுகீசியர்கிட்ட போங்க, மதம் மாறுங்க, பாதுகாப்பு கிடைக்கும்னு. போனாங்க. பட்டங்கட்டிங்க முதல்ல, பின்னாடி ஊர் ஊரா, கொஞ்ச வருஷத்துல கிட்டத்தட்ட 20,000 பேருன்னு அந்தக் காலத்துக் கணக்கு சொல்லுது. 1538-ல வேதாளைல நடந்த சண்டையில கோழிக்கோட்டு ராஜா சாமூத்திரியோட கப்பற்படைய போர்ச்சுகீசியர் நொறுக்கினதும் ஒப்பந்தத்துல அவங்க பங்கு முடிஞ்சது.

இந்த இடத்துல ஒரு ஃபேன்டஸி எழுத்தாளரா எனக்கு வாய் ஊறுது. கடல்ல இருந்து வந்தவன் வாளோட மிரட்டி மாத்தல, உள்ளூர்க்காரங்க கணக்குப் போட்டு, வியாபாரம் பேசி, தூது அனுப்பி வாங்கியிருக்காங்க. அப்போ அது வெறும் வியாபாரமான்னா, அதுவும் இல்ல, அதுக்கு அப்புறம் வரேன். 1542-ல பிரான்சிஸ் சவேரியார் வந்து பாக்கும்போது இவங்களுக்கு பேரு மட்டும்தான் மாறியிருக்கு, ஜெபம் ஒண்ணும் தெரியாது. அந்த மனுஷன் தமிழ்ல ஜெபத்த மனப்பாடம் பண்ணிக்கிட்டு, கையில மணிய ஆட்டிக்கிட்டு தெருத் தெருவா சின்னப் பசங்கள கூப்பிட்டுப் போறார். ஒரே நாள்ல ஊர் முழுக்க ஞானஸ்நானம் குடுத்துக் கை ஓஞ்சு போச்சு, சொல்லிச் சொல்லிக் குரலும் போச்சுன்னு கடிதத்துல எழுதறார். அதே கடிதங்கள்ல போர்ச்சுகீசிய கேப்டனோட பேராசையப் பத்தி அவர் புலம்பற புலம்பல் இருக்கே, அது எந்த எதிரியும் எழுத முடியாத அளவுக்கு காரமா இருக்கும். பேரரசும் மதமும் ஒரே கப்பல்ல வந்தா ஒரே ஆளுன்னு நினைக்கக்கூடாது, உள்ளயே ஒருத்தன ஒருத்தன் பிடிக்காது.

1544 ஒரு வருஷத்த மட்டும் எடுத்தா ஒரு நாவலே வரும். தெற்க இருந்த ஊர்கள் மேல வடுகர் படை, அதாவது விஜயநகரத்து ஆளுங்க, பாயறாங்க. கன்னியாகுமரிப் பக்கத்து ஜனம் கடல்ல இருக்கற பாறைங்க மேல ஏறி உக்காந்து பசியிலயும் தாகத்துலயும் சாகுது. சவேரியார் மணப்பாட்டுல இருந்து இருபது தோணில அரிசியும் தண்ணியும் ஏத்திக்கிட்டு கிளம்பறார், ஜூன் மாசம், காத்து எதிர்ல அடிக்குது, போய்ச் சேரவே முடியல. என் உலகத்துல மேஜிக் சிஸ்டம் என்னன்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்ற பதில் இதுதான், காத்துதான் மேஜிக். எந்த மாசம் எந்தப் பக்கம் அடிக்கும்னு முடிவு பண்ணிட்டா பாதி போர் தானா எழுதிக்கும். முத்துக்குளிப்பும் அப்படித்தான், ரெண்டு பருவக்காத்துக்கு நடுவுல கடல் அசையாம கிடக்கற கொஞ்ச வாரம், பிப்ரவரி மார்ச் ஏப்ரல் பக்கம், அதுக்குள்ள கால்ல கல்ல கட்டிக்கிட்டு இறங்கி எடுத்தாத்தான் வருஷ வருமானம். ராஜாவுக்கும் அந்தக் கல்லுலதான் கணக்கு, இத்தனை கல்லு வரியில்லாம என்னோடதுன்னு நாயக்கர்ல இருந்து சேதுபதி வரைக்கும் பங்கு கேப்பாங்க. அந்த வாரங்கள்ல எவன் படை கரையில நிக்குதோ அவனுக்குத்தான் காசு.

அதே 1544-ல மன்னார்ல வேற கதை. மன்னார்காரங்க சவேரியாருக்கு ஆளனுப்பி மதம் மாறினாங்க, யாழ்ப்பாண ராஜா சங்கிலி படையோட வந்து சுமார் 600 பேர வெட்டிட்டார். சர்ச் எழுத்துல அது வேதசாட்சி மரணம். சங்கிலி பக்கம் இருந்து பாத்தா அவரோட குடிமக்க கடல் தாண்டி இருக்கற இன்னொரு ராஜாவோட ஆளா மாறிட்டாங்க, முத்துப்பாரும் பாக்குநீரிணையும் கைய விட்டுப் போகுது, வில்லங்கம் வீட்டுக்குள்ள வந்தாச்சு. அந்த 600 பேர்ல எத்தனை பேருக்கு இந்த அரசியல் தெரிஞ்சிருக்கும். என் கதையில அந்தப் படுகொலைய மூணு பேர் மூணு விதமா எழுதி வெச்சிருப்பாங்க, ஒரு சாமியாரோட கடிதம், அரண்மனைப் புலவரோட பாட்டு, ஒரு சுங்கக் கணக்குப் புத்தகம். கணக்குப் புத்தகத்துல அந்த வருஷம் அந்த ஊர்ல இருந்து வரி வரலைன்னு மட்டும்தான் இருக்கும்.

சரி, பல்லுக்கு வருவோம். இத நான் கதையில அப்படியே வெக்கப் போறேன், பேர மட்டும் மாத்தி.

1560-ல கோவா வைஸ்ராய் கான்ஸ்டன்டினோ ட பிரகான்சா நேரா யாழ்ப்பாணத்து மேல படையெடுத்து நல்லூர பிடிக்கறார், கொள்ளையில ஒரு பல்லு கிடைக்குது. புத்தரோட பல்லுன்னு சொல்றாங்க. செய்தி கடல் தாண்டி பெகுவுக்கு, அதாவது பர்மா ராஜா பேயின்னாங்குக்குப் போக, அவர் லட்சக்கணக்குல குருசாதோ காசு தர்றேன்னு ஆளனுப்பறார். கோவால கஜானா வறண்டு கிடக்கு. வைஸ்ராயோட கேப்டனுங்க எல்லாம் வித்துடலாம்னு நிக்கறாங்க, ஆர்ச்பிஷப் விக்ரகத்த வித்து காசு வாங்கினா பாவம்னு நிக்கறார். கடைசில சபை கூட்டி, எல்லார் முன்னாடியும் பல்ல உரல்ல போட்டு இடிச்சு, பொடிய நெருப்புல எரிச்சு, சாம்பல ஆத்துல கரைச்சாங்க. காசுக்காகத்தான் காலனி, மதம் ஒரு சாக்குன்னு சொல்ற அண்ணன்மார் எல்லாம் இந்த ஒரு இடத்துல கொஞ்சம் நின்னு யோசிக்கணும். கஜானா காலியா இருக்கறப்போ அத்தனை காச வேண்டாம்னு தள்ளிட்டாங்க.

இதுக்கு மேலதான் சுவாரசியம். பல்லு அழியல. சில வருஷத்துல, கொழும்புப் பக்கம் இருந்த கோட்டே ராஜ்ஜியத்துல ஒரு பல்லு இருக்குன்னு பெகு ராஜாகிட்ட தகவல் போகுது, மான் கொம்புல செதுக்கினதுன்னு போர்ச்சுகீசிய ஆசிரியர் டியோகோ டோ கூட்டோ நக்கலா எழுதி வெச்சிருக்கார். பேயின்னாங் அத ராஜமரியாதையோட வாங்கிக்கறார். உடனே கண்டியில இருந்து ஆள் வந்து, ஐயா அது டூப்ளிகேட், ஒரிஜினல் எங்ககிட்டதான் இருக்குன்னு சொல்றாங்க. அவரு காதுலயே போட்டுக்கல. கண்டியில தலதா மாளிகையில இருக்கறதுதான் உண்மையானது, கோவால எரிஞ்சது வேற ஏதோன்னு பௌத்தர்கள் இன்னிக்கும் நம்பறாங்க. ஃபேன்டஸில ஒரு புனிதப் பொருள உடைச்சா உலகம் இருண்டு போகும், இடி இடிக்கும். நிஜத்துல உடைச்சா ரெண்டாகி வரும்.

தீவோட உள்பக்கம் இன்னும் மோசம், நல்ல அர்த்தத்துல. கோட்டே ராஜா தர்மபாலா 1557-ல ஞானஸ்நானம் வாங்கி டோன் ஜுவாம் ஆகறார், விகாரை நிலங்கள பிரான்சிஸ்கன் சாமியாருங்களுக்கு எழுதி வெக்கறார், 1580-ல ராஜ்ஜியத்தையே போர்ச்சுகல் ராஜாவுக்கு உயில் எழுதிடறார். உயில்! ஒரு நாட்டையே பத்திரத்துல! அவருக்கு எதிர்ல நின்னு பறங்கிய ஓட ஓட விரட்டினவர் பக்கத்து சீதாவக்க ராஜ்ஜியத்து ராஜா முதலாம் ராஜசிங்கன், நியாயமா எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடணும், ஆனா அவர் சைவத்துக்குப் போய் பிக்குகள கொன்னார்னு பௌத்த வரலாற்று நூலுங்க அவர திட்டித் தீக்குது. ஹீரோவ ஹீரோவா இருக்க விடாத வரலாறு, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

கோனப்பு பண்டாரம்னு ஒருத்தர், கோவால வளந்து, ஆஸ்திரியாவின் டோன் ஜுவாம்னு ஞானஸ்நானப் பேரு வாங்கி, போர்ச்சுகீசியப் படையோட கண்டிக்குள்ள நுழைஞ்சு, உள்ள போனதும் அவங்களையே திருப்பி அடிச்சு, பௌத்த ராஜாவா விமலதர்மசூரியன்னு பட்டம் கட்டிக்கிட்டார். போர்ச்சுகீசியர் விட்டாங்களா, அவங்ககிட்ட மன்னார்ல கத்தோலிக்கப் பொண்ணா வளந்த கண்டி இளவரசி டோனா கத்தரீனா இருந்தா, குசுமாசன தேவின்னு பேரு, அவள கூட்டிக்கிட்டு 1594-ல படையெடுக்கறாங்க, ராணியா உக்கார வெச்சு ஆளலாம்னு. தந்துரேங்கற இடத்துல அந்தப் படை அழிஞ்சுது, கோனப்பு பண்டாரம் அவளையே கட்டிக்கிட்டார், அவளோட உரிமையும் அவருக்கு வந்துடுச்சு. அவர் செத்ததும் அடுத்த ராஜா செனரத்தும் அவளத்தான் கட்டிக்கறார். இந்தப் பொண்ணு யாருக்கு ஜெபம் பண்ணியிருப்பா, எந்த மொழியில கனவு கண்டிருப்பா. எல்லா வரலாற்றுலயும் அவ ஒரு உரிமைப் பத்திரம் மாதிரிதான் வர்றா.

படைங்க விஷயத்துலயும் ஒண்ணு சொல்லணும். பேரரசுப் படைன்னா வெள்ளைக்காரன் வரிசையா நிக்கற மாதிரி எழுதறாங்க, அங்க பாதிக்கு மேல லஸ்கரின்னு சொல்ற உள்ளூர் ஆளுங்கதான். 1630-ல ரந்தெனிவெலல போர்ச்சுகீசியத் தளபதி கான்ஸ்டன்டினோ ட சா மலைநாட்ட தாக்கப் போனப்போ அவரோட உள்ளூர்ப் படைத்தலைவருங்களான முதலியாருங்களே ஆளுங்களோட அந்தப் பக்கம் போய்ட்டாங்க, அவர் கதை அன்னிக்கோட முடிஞ்சது. திருகோணமலைல கோணேஸ்வரத்த இடிச்சு அந்தக் கல்லுல கோட்டை கட்டினதும் இதே சா தான்.

இப்போ என் உலகத்துல எனக்கு ரொம்ப வேலை வெச்ச பகுதி, ரெண்டாவது காலனிக்காரன். பொதுவா ஃபேன்டஸில ஒரே ஒரு பேரரசுதான் வரும். இங்க டச்சுக்காரன் வர்றான். அவனுக்கும் கிறிஸ்துதான் கடவுள், ஆனா கத்தோலிக்கன் இல்ல, புரட்டஸ்தாந்து, ஐரோப்பால ஸ்பெயின் ராஜாவோட 1568-ல இருந்து சண்டை, 1580-ல போர்ச்சுகலும் அதே ராஜா கைக்குப் போனதும் போர்ச்சுகீசியத் துறைமுகம் எல்லாம் அவனுக்குக் குறியாயிடுச்சு. கண்டி இரண்டாம் ராஜசிங்கன் 1638-ல அவங்களோட ஒப்பந்தம் போடறார், பறங்கிய விரட்டிக் குடு, ஏலம் மிளகு கறுவா எல்லாம் உனக்குன்னு. பிடிச்ச கோட்டைல டச்சுப்படை தங்கறது பத்தி ஒரு பிரிவு, அதுல ராஜா விரும்பினா மட்டும்னு அவர்கிட்ட இருந்த பிரதில இருந்துச்சு, டச்சுப் பிரதில அந்த வார்த்தையே இல்ல. அப்புறம் என்ன, காலியும் நீர்கொழும்பும் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க, 1656-ல ஏழு மாச முற்றுகைக்கு அப்புறம் கொழும்பு விழுந்தப்போ ராஜாவ உள்ளயே விடல. இஞ்சியக் குடுத்து மிளகாய் வாங்கின மாதிரின்னு சிங்களத்துல ஒரு பழமொழி இதுக்குத்தான் சொல்வாங்க.

1658-ல யாழ்ப்பாணம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் எல்லாம் டச்சுக்காரன் கையில. கத்தோலிக்கச் சாமியார ஒளிச்சு வெச்சா மரண தண்டனைன்னு உத்தரவு. போர்ச்சுகீசியர் காலத்துல நல்லூர்க் கோயில இழந்த சைவங்க நிலைமையும் மாறல, கல்யாணம் பதியணுமா, சொத்து பிள்ளைக்குப் போகணுமா, உத்தியோகம் வேணுமா, டச்சு சபையில ஞானஸ்நானம் வாங்கியிருக்கணும். அதனால தோம்புல, அதாவது அரசுப் பதிவேட்டுல, பாத்தா எல்லாரும் புரட்டஸ்தாந்து. வீட்டுக்குள்ள விரத நாள்ல வாழையிலையில மரக்கறி சாப்பிட்டு, இலைய வெளிய போட்டா மாட்டிக்குவோம்னு கூரை ஓலைக்குள்ள செருகி வெப்பாங்கன்னு யாழ்ப்பாணத்துல சொல்வாங்க. என் கதையில ஒரு ஒற்றன் வருவான், அவன் வேலையே கூரைய பாக்கறதுதான்.

மேல சொன்ன கேள்விக்கு இங்க வரேன். பரதவருக்கு மதமாற்றம் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் மட்டும்தான்னா, பாதுகாப்பு குடுத்தவன் 1658-ல ஓடிட்டான், புது ஆள் தூத்துக்குடில உக்காந்துட்டான், அவன் சர்ச்சுக்குப் போயிருக்கணும் இல்ல? போகல. ஆதாயம் நஷ்டமாகிட்ட பிறகும் மாதாவ விடல. ஒரு தலைமுறை பேரம் பேசி வாங்கினத பேரப்பிள்ளைங்க உயிரக் குடுத்துக் காப்பாத்தறாங்க, நடுவுல 1578-ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம்னு தமிழ்லயே ஜெபம் அச்சாகி வந்திருக்கு, பாட்டு, திருவிழா, சப்பரம்னு அது அவங்களோடதாவே ஆயிடுச்சு. என் சிப்பிக்கரை ஜனங்கள எழுதறப்போ மூணு தலைமுறை காட்டாம முடிக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணினதே இதனாலதான்.

அப்புறம் ஜோசப் வாஸ். கோவாக்காரர், கொங்கணி பிராமணக் குடும்பத்துக் கத்தோலிக்கர். 1687-ல கூலியாள் வேஷத்துல யாழ்ப்பாணம் வர்றார், சில்லாலைல மறைஞ்சு இருந்து ராத்திரில பூசை வெக்கறார், 1692-ல கண்டிக்குப் போனா போர்ச்சுகீசிய ஒற்றன்னு ஜெயில்ல போட்டாங்க. போகப் போக ராஜா இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்கு ஊழியம் பண்ண அனுமதி குடுக்கறார். கிறிஸ்தவ அரசு விரட்டற கிறிஸ்தவச் சாமியாருக்கு பௌத்த ராஜா நிழல்! அதோட விட்டுதா, 1753-ல கண்டியில பிக்குகளுக்கு உபசம்பதா, அதாவது முழுத் துறவி தீட்சை, குடுக்க ஆளில்லாம சயாம்ல, இன்னிக்குத் தாய்லாந்துல, இருந்து உபாலி தேரர வரவழைச்சப்போ அவங்கள ஏத்திட்டு வந்தது டச்சுக் கம்பெனிக் கப்பல். கறுவா உரிக்கற ஊர்ல ராஜாவ பகைச்சுக்க முடியாது, அப்போ டச்சுக்காரனோட கால்வின் மதமெல்லாம் கொஞ்சம் ஓரமா நில்லுன்னு ஆயிடும்.

நம்ம கரையில ஓரியூரையும் சொல்லிடறேன். போர்ச்சுகீசியச் சாமியார் அருளானந்தர், ஜான் டி பிரிட்டோ, 1693-ல அங்க தலை வெட்டப்பட்டார். தடியத்தேவர்னு ஒருத்தர் அவர்கிட்ட ஞானஸ்நானம் வாங்கறதுக்காக ஒரு மனைவிய வெச்சுக்கிட்டு மத்தவங்கள அனுப்பிடறார், அனுப்பப்பட்டவங்கள்ல ஒருத்தி ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதியோட சொந்தக்காரப் பொண்ணு. தடியத்தேவருக்கு ராமநாதபுரம் பட்டத்து மேல உரிமையும் உண்டு. கல்யாணம், வாரிசு, மதம் மூணையும் பிரிச்சு எது காரணம்னு சொல்லுங்க பாப்போம். ஃபேன்டஸில ஒருதார மணம்னு ஒரு கொள்கை வந்தா அது சும்மா ஒழுக்கப் பிரசங்கமா இருக்கும், இங்க அது நாட்டோட கூட்டணியையே உடைக்குது.

இவ்ளோத்தையும் வெச்சுக்கிட்டு நான் தீர்க்கதரிசனம், தேர்ந்தெடுக்கப்பட்ட பையன் ரெண்டையும் தூக்கிட்டேன். எக்ஸெல்ல டைம்லைன் மட்டும் வளந்துக்கிட்டே போகுது, யாரு கூப்பிட்டாங்க, யாருக்கு வரி, எந்த மாசக் காத்து, தோத்தவன் பேரன் எந்தச் சாமிய கும்பிடறான்னு நாலு கட்டம். மலைநாட்டுப் படையெடுப்பு அத்தியாயத்த மட்டும் இன்னும் தொடல, ஏன்னா அந்த ராணிக்கு சாமியாருங்க வெச்ச பேரு ஒண்ணு, அரண்மனைல ஒண்ணு, வளத்த ஆயா கூப்பிட்டது ஒண்ணு, இதுல கதை சொல்றவன் எந்தப் பேர்ல அவள கூப்பிடறான்னு தீர்மானிச்சாத்தான் அவன் எந்தப் பக்கத்து ஆளுன்னே எனக்குத் தெரியும்.